காகிதத்தில் ஒரு வயது கூடுதல்

வெளிமாநிலத்துக் கால்பந்து கிளப் ஒன்றின் இளையோர் அணிக்கு ஒரு ஃபார்வர்டு தேவைப்பட்டது. சென்னையில் நான்கு நாள் தேர்வு. கடைசி நாள் இரண்டு கோல் போட்டேன். இரண்டாவது என் முழங்காலில் பட்டு உள்ளே போனதுதான், ஆனாலும் கோல் கோல்தானே. "இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கக் கூடாது. பத்தாவது சர்டிபிகேட்டை அனுப்பிடு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார் தேர்வு நடத்திய பயிற்சியாளர். அனுப்பினேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

"இன்னாடா இது? அவனவன் வயசைக் குறைச்சிக்கினு வந்து மாட்டுவான். நீ ஏத்திக்கினு வந்து மாட்டியிருக்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. பிறகு அவர் தேதியைப் படித்துக் காட்டினார். சர்டிபிகேட்டின்படி இருபத்தொன்று முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உண்மையில் எனக்கு இருபதுதான்.

அந்தக் கூடுதல் வயது எங்கிருந்து வந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் அப்பா மூட்டை தூக்கினார், அம்மா வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கினார். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான்கு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போய், "அஞ்சு முடிஞ்சிடுச்சி சார்" என்றார் அப்பா. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு சோதனைதான் இருந்தது: வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். அதற்காக அப்பா ஒரு வாரம் வீட்டில் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். "தலைய லேசா சாய்ச்சிக்கோ. வாத்தியாரு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்க்கணும்." தொட்டுவிட்டேன். தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை எழுதினார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைக்குச் சொன்ன ஒரு வருஷம் பத்தாவது சர்டிபிகேட், ஆதார் என்று என் கூடவே ஏறி வரும் என்று அவர் எப்படி நினைத்திருப்பார்?

கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் சரியான தேதி இருந்தது. பங்குச் சாமியார் நகல் எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். கிளப்பில் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய மாதக் கடைசி வரை நேரம். மூன்று வாரம் இருந்தது. காலையில் பயிற்சி, குளித்துவிட்டு, தேதியைத் திருத்த விழுப்புரம் கல்வி அலுவலகத்துக்குப் பஸ், பெரும்பாலும் நின்றபடியே பயணம். ஐந்து தடவை போனேன். தொண்ணூறு நிமிடம் ஓடினாலும் அப்படிக் கால் கனத்ததில்லை.

ஐந்தாம் தடவை, அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி என் காகிதங்களைப் பொறுமையாகத்தான் படித்தார். "பத்தாவது முடிக்கறதுக்கு முன்னாடி வந்திருந்தா மாத்தியிருக்கலாம் தம்பி. இப்ப கோர்ட்டு ஆர்டர் வேணும்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "வயசைக் குறைக்கறியா? பொண்ணு பாக்கறாங்களா?"

"பந்து ஆடணுங்க."

"அதுக்குமா வயசு கேக்கறான்?" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு வக்கீலைப் பார்க்க அப்பாவையும் கூட்டிப்போனேன். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வக்கீல் அவரிடம், "நாந்தான் தப்பா வயசு குடுத்தேன்னு நீங்க கோர்ட்டுல சொல்லணும். சொல்லுவீங்களா?" என்றார்.

"சொல்றேங்க. புள்ளய ஸ்கூல்ல சேக்கத்தானே சொன்னேன், திருடறதுக்கா சொன்னேன்? எப்ப வரணும்? நாளைக்கேவா?"

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "ஒரு வருஷமாவது ஆகும்பா" என்றார் மெதுவாக.

வெளியே வந்து பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். பின்னால் விசில் சத்தம் கேட்டது. "சரிடா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என் நிஜ வயதே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அது அவருக்கும் தெரியும். ஒரு பையனிடம் போனில் வேறென்ன சொல்வார்?

பஸ் ஸ்டாண்டில் அப்பா மல்லாட்டைப் பொட்டலம் வாங்கி, உரித்து உரித்து என் கையில் போட்டார்.

"இன்னா சொன்னாரு சாரு?"

"பாக்கலாம்னாரு."

இன்னொரு காயை உடைத்துக்கொண்டே, "ஒரு வருஷம் லேட்டாவே சேத்திருக்கலாம் உன்ன" என்றார்.

"யாருப்பா பாத்துக்கினு இருந்திருப்பா?"

"அதுவும் சரிதான்." தோலை ஊதினார். "கோர்ட்டுக்கு என்னிக்கின்னு முன்னாடியே சொல்லிடு. சட்டையத் தொவைச்சிப் போடணும், கழுத்துல அழுக்காயிடுச்சி."

காலரை இழுத்து எனக்குக் காட்டினார்.

"சொல்றேன்பா" என்றேன். பஸ் வந்தது. உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. அவரை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.