காய வைக்காத பொடி

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். வல்லக்கோட்டையிலிருந்து தினமும் நான் ஏறும் ஷேர் ஆட்டோவில், நான் உட்கார்ந்திருந்தால் டிரைவர் கூடுதலாக ஓர் ஆளை ஏற்ற யோசிப்பார். அதே வாயால்தான் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தேன். ஐந்து நிமிடப் பேச்சுகூட இல்லை.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சுற்றுவட்டாரக் கம்பெனிகள் மணல், சுண்ணாம்புக்கல், பாறைத்தூள் என்று பையில் கட்டி அனுப்புவார்கள். அதில் சிலிக்கா எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று நாங்கள் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்போம். நானும் நான் சொன்ன அந்த ஒருத்தியும் ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள். அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் மூன்று பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள் என்பதால் நான் அவளுக்கு அக்கா. என் வேலை மெஷின்களோடு. அவளுடையது கைவேலை. தூளை உப்போடு உருக்கி, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, சுட்டு, எடை போட்டுக் கணக்குப் பார்ப்பாள். ஒரு மாதிரிக்கு இரண்டு நாள் ஆகும். அவள் தராசின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. நான் வேண்டுமென்றே திறந்து, "இன்னாடி, தூங்கிட்டியா?" என்பேன். "காத்து வருதுக்கா, முள்ளு ஆடுது" என்பாள். அவ்வளவுதான் அவள் கோபம்.

அந்த வருடம் எங்கள் சோதனைகளின் தரத்தைச் சரிபார்க்கும் ஆடிட் வரவிருந்தது. எங்கள் சார் ஒரு களிப்பாறைத் தூளை வரவழைத்தார். ஸ்டாண்டர்ட் பாறை என்பார்கள். பாறையை மாவாக அரைத்து, பல ஆய்வுக்கூடங்களில் சோதித்து, இதில் இது இவ்வளவு என்று முடிவு கட்டி, சர்டிபிகேட்டோடு சின்ன பாட்டிலில் அடைத்து விற்கிற சரக்கு. விடை தெரிந்த கணக்கு அது. நம் முறையில் செய்தாலும் அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்-ரே மெஷின், பிளாஸ்மா மெஷின் இரண்டும் நான். கைமுறை அவள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஆடிட்டரிடம் காட்டுவதாகத் திட்டம்.

"முடியிற வரைக்கும் ஒருத்தர் வேலையப் பத்தி இன்னொருத்தர் பேசக் கூடாது. சர்டிபிகேட்ல இருக்கிற நம்பரையும் பாக்கக் கூடாது" என்றார் சார். இன்னொன்றையும் சொன்னார். இந்த வேலை முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவருக்கு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமை கிடைக்கும். அது இல்லாதவரை எத்தனை வருடம் வேலை செய்தாலும் நாம் ஒரு கைதான். அது வந்துவிட்டால் கெமிஸ்ட் என்று நாலு இடத்தில் மதிப்பார்கள். அவள் அந்தக் கையெழுத்துக்காக ஏங்கினாள். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "வந்துரும்மா, இந்த வருஷம் வந்துரும்" என்று அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் ஏங்கினேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கட்டடத்துக்குள்ளேயே துணி காயவில்லை, சுவரெல்லாம் பிசுபிசுத்தது. நான் பாட்டிலைத் திறந்தேன், தூளை எடுத்து எடை போட்டேன், இரண்டு மெஷினிலும் ஓட்டினேன். வாடிக்கையாளர் மாதிரிகளை எப்படி வந்ததோ அப்படியே போட்டுப் பழகிய கை. மறு யோசனையே இல்லை.

அதற்கு மறுநாள் காலை அவள் ஸ்டாண்டர்ட் பாட்டில்களை வைக்கும் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கையில் சர்டிபிகேட் ஃபைல். ஒரு தாளைப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே என் இடத்துக்குப் போய்விட்டேன்.

முடிவுகள் வந்தன. என் இரண்டு மெஷினும் ஒரே பேச்சுப் பேசின. சர்டிபிகேட்டில் இருப்பதைவிட எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைவு. அவளுடையது அப்படியே அச்சடித்தது போல இருந்தது. மூன்று முறை செய்திருந்தாள், மூன்றும் சர்டிபிகேட்டோடு ஒட்டிக்கொண்டன. சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு மெஷினும் ஒண்ணையே சொல்லுது. கையால செஞ்சவங்களுக்கு மட்டும் எப்பிடிம்மா இவ்ளோ கரெக்டா வரும்? ஃபைலைத் தொட்டாங்களா?"

"தொட்டா சார். பீரோவைத் தொறந்து வச்சிகினு படிச்சிகினு இருந்தா."

"நம்பரைப் பாத்திருப்பாங்களா?"

தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். அவளையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்து என் கண்ணுக்கு முன்னால் நின்றது. "ஃபைலைக் கையில வச்சிகினு பாக்காமயா சார் இருப்பா?" என்றேன்.

நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்து அவளைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு சாத்தும் முன் எனக்குக் கேட்டது இவ்வளவுதான். "சர்டிபிகேட்டைப் பாத்தீங்களா?" "பாத்தேன் சார்." உள்ளே அவள் கையை அசைத்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். சார் தாளைப் பார்த்தபடியே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தவள் நேராகத் தராசு அறைக்குப் போய், தராசைத் துடைத்து மூடிவிட்டு, தன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் முதல் அவளை முன்பக்கத்து மேஜையில், வருகிற பைகளுக்கு நம்பர் ஒட்டும் வேலையில் உட்கார வைத்தார்கள். அவள் முடிவுகளை ஆடிட்டுக்கான தாள்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டை அரை மணி நேரம் முன்னதாகவே முடிக்க ஆரம்பித்தேன். அவள் என்னைத் தேடி ஒரு முறை வந்தாள். மெஷின் ஓடுகிறது, அப்புறம் வா என்றேன். பத்து நாளில் வேலையை விட்டுப் போனாள். மாசி மாதம் கையெழுத்து உரிமை எனக்கு வந்தது. வீட்டில் கேசரி செய்தார்கள், நானும் சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அதே களிப்பாறையின் புது பாட்டில் வந்தது. இப்போது ஃபைலில் சேர்க்கும் வேலையும் என்னுடையது. சர்டிபிகேட்டைப் பஞ்ச் பண்ணத் திருப்பினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: எடை போடும் முன் நூற்றைந்து டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தவும்.

நின்றபடியே நாலைந்து முறை படித்தேன். களிப்பாறைத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தோடு எடை போட்டால் தண்ணீரும் பாறைக் கணக்கில் சேரும், மற்றதெல்லாம் குறைந்து காட்டும். கல்லூரியில் முதல் வருடத்தில் படித்த பாடம். பழைய பாட்டிலின் அடியில் கொஞ்சம் தூள் மிச்சம் இருந்தது. ஓவனில் காய வைத்து, ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடியில் ஆற வைத்து, இரண்டு மெஷினிலும் ஓட்டினேன். ரெக்கார்டு அறையிலிருந்து அவளுடைய தாளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அவளுடைய எண்கள்தான் வந்தன.

இரண்டு மெஷின் ஒன்றாகச் சொன்னதே என்று பெருமைப்பட்டோமே, இரண்டுக்கும் போனது என் கை அள்ளிய அதே ஈரப்பொடி. பாவி நான்! அவள் படித்தது அந்தப் பின்பக்கத்தை. நாங்கள் எல்லோரும் படித்திருக்க வேண்டியதை அவள் ஒருத்திதான் படித்தாள். பாத்ரூமில் போய் நின்று அழுதேன்.

சாரிடம் இரண்டு தாள்களையும் கொண்டுபோனேன். பார்த்தார். அவருக்குப் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. "முடிஞ்சிபோன ஆடிட்மா. இப்போ தொறந்தா நம்ம பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் கேப்பாங்க. உன் கையெழுத்துக்கும்தான் கேள்வி வரும். வுடு" என்றார். நான் விட்டுவிட்டேன். ஆனால் தாள்களின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் படப்பையில் இருப்பதாகப் பழைய அறைத்தோழி ஒருத்தி மூலம் தெரிந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். புதிதாகப் போட்ட மனைகளுக்கு நடுவே ஒரு மாடி அறை. காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் வேலையாம். விரல் நுனிகளில் டேப் சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும், "யக்கா, வாங்க வாங்க. மெலிஞ்சு போயிட்டீயளே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வேறு லேப் எதிலும் முயற்சி பண்ணவில்லையா என்று கேட்டேன். "மூணு எடத்துக்குப் போனேன்க்கா. நல்லாத்தான் பேசுதாக. பொறவு பழைய எடத்துக்குப் போன் போட்டுக் கேக்காக. அதோட சரி" என்றாள்.

நான் தாள்களைக் கொடுத்தேன். என் தப்பு எது என்பதையும் சொன்னேன். காய வைக்கவில்லை, பின்பக்கம் படிக்கவில்லை, உன் கணக்குத்தான் சரி. அவள் சிலிக்கா வரிசையில் விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"டெசிகேட்டர்ல ஆற வச்சீயளா?"

"வச்சேன்."

"எம்புட்டு நேரம்?"

"அரை மணி."

தலையசைத்தாள். "காய வைக்கதுக்குத்தான் பாத்தேன்னு அன்னைக்கே சார்கிட்ட சொன்னேன்க்கா. காரணம் எல்லார்கிட்டயும் இருக்கும்னு சொல்லிட்டாரு." தாளைத் திரும்ப நீட்டினாள். "இத எங்கயாவது எழுதிக் குடுத்திருக்காகளா?"

"இல்ல. சார் வேணாம்னுட்டாரு."

"ம்" என்றாள். அடுப்பில் பாலை வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி சர்க்கரை டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி உங்களத்தான சார் கூப்பிட்டாரு. என்னப் பத்திக் கேட்டிருப்பாரு. எனக்காவ ஒரு வார்த்த பேசுனீயளா?"

அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம் அது. என் நீள வாய் வேறொன்றைச் சொன்னது.

"பேசினேன்டி" என்றேன். "அவ அப்பிடிப்பட்ட பொண்ணு இல்லன்னு சொன்னேன்."

அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. முகம் நான் பல வருடமாகப் பார்த்த பழைய முகமாக மாறியிருந்தது.

"எனக்குத் தெரியும்க்கா. ரூம்ல எல்லாரும், ஒங்கூட இருந்தவதான் போட்டுக் குடுத்திருப்பான்னு சொல்லுவாளுவ. எங்கக்கா அப்பிடிச் செய்ய மாட்டாகன்னு சண்ட போடுவேன். அது போதும்க்கா எனக்கு."

இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன்.