மேடேறும் வெள்ளிக் கார்

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகும் பஸ், தேயிலைச் சரிவின் வளைவொன்றில் நின்றுவிடுகிறது. முன்னால் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளி நிறக் கார். என் இடுப்பு உயரம்கூட இல்லை. வருங்காலத்து மின்சாரக் காரின் மாதிரியாம்; விளம்பரப் படம் எடுக்கிறார்கள். எனக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். பக்கத்து இருக்கை அம்மா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறார். பொறுக்க முடியாமல் இருவரும் இறங்கிப் போய் விசாரிக்கிறோம். உள்ளே மோட்டாரே இல்லையாம். மேட்டில் தள்ள ஆள் போதவில்லையாம்.

"ஓடாத வண்டிய எதுக்குத் தம்பி படம் புடிக்கிறாங்க?"

"ஓடுதுன்னு காட்டத்தாங்க."

"அப்ப வாங்க, தள்ளிவிட்டுட்டுப் போவோம். கிளினிக்க மூடிருவாங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து கை வைக்கிறோம். "தலை தெரியுது, குனிங்க" என்று கேமராக்காரர் கத்துகிறார். ஏறக்குறையத் தவழ்ந்துகொண்டே, பாதை அகலமாகும் இடம்வரை ஏற்றிவிடுகிறோம்.

எடுத்ததைக் கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். மூடுபனிக்குள் கார் தன்னந்தனியாக மேடேறுகிறது. அந்த அம்மா குனிந்து, திரையில் எங்களைத் தேடுகிறார். பிறகு சேறு படிந்த கைகளைச் சேலையில் துடைத்துக்கொள்கிறார்.

"நல்லாத்தான் ஓடுதுங்க."