பொய் சொன்ன கணுக்கால்

அந்த எறையூர்க்காரருக்கு மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுப்பதாக முடிவாகியிருந்தது. கரும்பு லாரி ஓட்டுபவர், பல வருஷமாகச் சக்கரை. பெருவிரல் கறுத்து, புண் ஆறாமல் பெரம்பலூரில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். நான் அப்போதுதான் சென்னையில் ரத்தக்குழாய் நோய்ப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தேன். புதிதாகக் கற்றவள் கை சும்மா இருக்குமா?

பாதத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. வெறும் சக்கரைப் புண்ணென்றால் பாதம் இப்படிக் குளிர்ந்து கிடக்காதே என்று கணுக்காலில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் அளந்தேன். கையில் இருந்த அளவேதான் காலிலும் வந்தது.

"பாத்தியாம்மா, ரத்தம் நல்லாத்தான் போவுது. காலையில எடுத்துருவோம்" என்றார் எங்கள் சீஃப். நல்ல மனிதர்தான். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டால் காலைப் பார்க்கமாட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ரத்த ஓட்டத்தைக் காதால் கேட்கிற சின்னக் கருவியைப் பாதத்தில் வைத்தேன். நல்ல குழாயென்றால் தட்டித் தட்டிக் கேட்கும். இவருக்கு ஊதல் காற்று மாதிரி ஒரே இழுவை. சக்கரை முற்றினால் குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும், பட்டை எவ்வளவு அழுத்தினாலும் நசுங்காது. உள்ளே ரத்தம் வற்றிப்போயிருந்தாலும் அளவு மட்டும் ஜம்மென்று காட்டும். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில் வளர்ந்த அரியலூர்ப் பெண்ணுக்கு இதுகூடவா விளங்காது? விரலின் குழாய்கள் அவ்வளவாக இறுகுவதில்லை. பக்கத்து விரலில் சின்னப் பட்டை சுற்றி அளந்தேன். கையில் இருந்ததில் கால்வாசிகூட இல்லை.

சீஃப் அந்த எண்ணைப் பார்த்தார். "திருச்சிக்குப் பேசு" என்றார்.

அடைப்பைத் திறந்து பார்க்கலாம், இன்றைக்கே அனுப்புங்கள், நாளைக்கென்றால் பாதமே கறுத்துவிடலாம் என்றார்கள் திருச்சியில். இங்கே அவர் மனைவியோ, "எங்கண்ணன் வந்து சொல்லட்டுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மீன்சுருட்டியில் பஸ் ஏறியிருந்தார். ஜெயங்கொண்டம் வந்தாச்சு, அரியலூர் வந்தாச்சு என்று போன் வந்துகொண்டே இருந்தது. நான் நிமிஷத்துக்கொரு தரம் அந்தப் பாதத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பயமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு அண்ணன் வந்தார். "இங்க அறுத்தா ஒரு வழியா முடிஞ்சிரும். திருச்சிக்குப் போயி அங்கயும் கால எடுத்துட்டா என்னங்க பண்றது?"

நியாயமான கேள்வி. ஒரு பொய் சொன்னால் வண்டி கிளம்பிவிடும். "எடுக்கும்படியும் ஆகலாங்க" என்றேன்.

கட்டிலில் இருந்தவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஆளாளுக்குப் பேசிக்கிட்டே இருக்கீங்களே மச்சான், காலு எனக்குத்தானே? வண்டிய வரச் சொல்லுங்க."

மறுநாள் மத்தியானம் வரை எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. அடைப்பு திறந்துவிட்டது, பெருவிரல் மட்டும் போகும் என்று திருச்சி டாக்டர் சொன்ன பிறகும் நம்பிக்கை வராமல் அவர் மனைவியைப் போனில் கூப்பிட்டேன்.

"ஒரு மாசமா வலி தாங்காம கட்டில் ஓரத்துல ஒக்காந்து, காலத் தொங்கப்போட்டுக்கிட்டேதாங்க தூங்குவாரு" என்றார் அவர், தணிந்த குரலில். "இப்ப நீட்டிப் படுத்துத் தூங்குறாருங்க. எழுப்பட்டுங்களா?"

"வேண்டாங்க, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.