பயம் என்று பெயர் போட்ட படம்

1. முகத்தில் எதுவும் தெரியக் கூடாது

இந்த வேலைக்கு வந்த முதல் நாள் எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான். முகப்படத்தைப் பார்த்து நோயாளி பதில் சொல்லும்போது உங்கள் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. சரியான பதிலுக்குச் சிரித்தாலோ தப்பான பதிலுக்குப் புருவத்தைத் தூக்கினாலோ அவர் படத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்களுக்கு அது கஷ்டமாக இருந்தது. எனக்கு இல்லை. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இருபது வருடம் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நின்றவள் நான். யார் எந்தச் சீட்டை நீட்டினாலும் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்துப் பழக்கம்.

தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களில் சிலருக்குக் கை கால் சரியாகிவிடும், பேச்சும் வந்துவிடும். ஆனால் எதிரில் இருப்பவர் அழுகிறாரா, கோபமாக இருக்கிறாரா என்பது பிடிபடாது. அதைத் திரும்பக் கற்றுக்கொடுக்கிற தெரபிஸ்ட் சென்னையில் இருப்பார். வாரத்துக்கு இரண்டு நாள் வீடியோவில் வருவார். டேப்லெட்டோடு வீட்டுக்குப் போய், வீடியோ கால் போட்டுக் கொடுத்து, ஸ்கோரை ஏற்றி, வீட்டுப்பாடம் சொல்லிவிட்டு வருவது என் வேலை. செஞ்சியில் என் பொறுப்பில் இருந்த வீடுகளில் ஒன்று செல்வத்தின் வீடு. புதிதாகச் சேருகிறவர்களுக்காக அந்த வீட்டைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2. நின்றுபோன சிரிப்பு

செல்வத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. பஜாரில் ஹார்டுவேர் கடை. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருந்தார். எட்டு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது பார்வைக்கு அவரிடம் ஒரு குறையும் இல்லை. கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார். மகள் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். வீட்டில் அவரும் மனைவி மலரும் மட்டும்தான்.

முதல் நாளே மலர் என்னை வாசலில் நிறுத்திப் பேசினாள்.

"எங்க நைனா செத்தப்ப இவர கூட்டினு போனேன்க்கா. எல்லாரும் அழுதுனு இருக்கோம். இவரு எங்கிட்ட வந்து, சாப்பாடு எத்தினி மணிக்குன்னு கேக்கறாரு. அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. அதான் யாருகிட்டயும் சொல்ல முடியல. இன்னும் மூணு மாசம் பாக்கறேன். அப்பறம் அனந்தபுரம் போயிடுவேன், எங்கம்மா கிட்ட."

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பச்சைப் பை தொங்கியது. அதில் நாலு புடவை மடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் பின்பக்கத் தாழ்வாரம் ஒன்றுதான். எதிரில் கோட்டை மலை. மதியம் மூன்று மணிக்குப் பாறைகளிலிருந்து வருகிற சூடு முகத்தில் அறையும். அங்கே ஸ்டூல் மேல் டேப்லெட்டை நிறுத்தி, செல்வத்தை அதன் முன்னால் உட்கார வைத்து, நான் கேமராவில் விழாமல் பக்கத்தில் உட்காருவேன்.

இரண்டாவது வாரம் சென்னைத் தெரபிஸ்ட் மேடம் அவருக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார். எதிரில் இருப்பவர் சிரித்தால் நீங்களும் சிரிக்க வேண்டும், அவர் நிறுத்தியதும் நீங்களும் நிறுத்தலாம் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து நெட் நின்றது. மேடம் முகம் பல் தெரிய அப்படியே உறைந்துபோனது. நான் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பார்த்தேன், டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பினால் செல்வம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் நடுங்கியது. கண்ணில் மட்டும் சிரிப்பு இல்லை.

"சார், போதும். லைன் போயிடுச்சு" என்றேன்.

"அவங்க இன்னும் நிறுத்தலியே" என்றார், வாயைக் கலைக்காமல்.

3. ஒண்ணு, ரெண்டு, மூணு

வீட்டுப்பாடம் இது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை மனைவியிடம் போக வேண்டும். மூன்று எண்ணும் வரை முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு, "உனக்கு எப்படி இருக்குது?" என்று கேட்க வேண்டும். மறந்துவிடுவார் என்று அவருடைய போனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன். வைப்ரேஷன் மட்டும் போதும் என்று யோசனை சொன்னதும் நான்தான். சத்தம் வந்தால் மலருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தேன்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியவில்லை. அவர் செருப்பில்லாமல் நடப்பவர். வீடு முழுக்கச் சிமெண்ட் தரை. மலர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள், துணி அலசிக்கொண்டிருப்பாள், குளித்துவிட்டுப் புடவை சுற்றிக்கொண்டிருப்பாள். ஒரு சத்தமும் இருக்காது. திரும்பினால் அவர் ஒரு முழம் தள்ளி நின்று கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். உதடு மட்டும் அசையும். ஒண்ணு, ரெண்டு, மூணு. பிறகு அந்தக் கேள்வி. அவள் பதில் சொன்னதும் சிரிப்பு ஒன்று திறந்து மூடும். போய்விடுவார்.

ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது. டேப்லெட்டில் இருந்த ஆப் ஒவ்வொரு முகமாகக் காட்டும். கீழே ஆறு பட்டன்: சந்தோஷம், வருத்தம், கோபம், பயம், அருவருப்பு, சாதாரணம். பத்தில் மூன்று சரியாகச் சொன்னவர் ஏழு சொன்னார். மேடம் என்னைப் பாராட்டினார். நான், "ஓகே மேடம்" என்றேன். அவரிடம் நான் பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு வார்த்தைதான்.

4. படம் எடுத்த நாள்

ஆப்பில் இருந்த முகங்கள் எல்லாம் வெளியூர் முகங்கள். "இவங்கள நான் எங்க பாக்கப்போறேன்?" என்று செல்வமே ஒருநாள் கேட்டார். வீட்டு ஆட்களின் முகத்தைப் படம் எடுத்து ஏற்றுங்கள் என்றார் மேடம்.

மலர் உற்சாகமாகவே உட்கார்ந்தாள். பழக்கடைக்காரன் அழுகின மாம்பழத்தை அடியில் போட்டுக் கொடுத்ததை நினைத்தாள், கோபம் உடனே வந்தது. அப்பா செத்ததை நினைத்தாள், வருத்தம். பயம் மட்டும் வரவில்லை. கண்ணை உருட்டினாள், சிரிப்பு வந்துவிட்டது. "சினிமாக்காரிங்கல்லாம் எப்டிதான் பண்றாளுங்களோ" என்றாள். மறுபடி முயன்றாள். சட்டென்று முகம் மாறியது. கன்னம் இறங்கி, வாய் லேசாகத் திறந்து, கண் என் தோளுக்கு மேலே நின்றது. நான் கிளிக் செய்தேன்.

"நல்லா வந்துருக்குது" என்றேன்.

என் பின்கழுத்துக்கு அருகில் யாரோ முணுமுணுப்பது கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

அவர் கேட்டார், அவள், "நல்லாருக்கேன்" என்றாள், அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் டேப்லெட்டைப் பார்த்தேன். படம் தெளிவாக வந்திருந்தது. பயம் என்று பெயர் போட்டு ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் நிரப்பி அனுப்புகிற காகித ஃபாரத்தில் பார்த்ததை எழுத இடம் இல்லை. ஸ்கோருக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

5. ஒரே தப்பு

அடுத்த வாரத்திலிருந்து செல்வம் மலரின் எல்லாப் படங்களையும் சரியாகச் சொன்னார், ஒன்றைத் தவிர. பயம் என்ற படம் வரும்போதெல்லாம் 'சாதாரணம்' பட்டனை அழுத்தினார். தயங்கவே இல்லை. மற்றப் படங்களுக்கு யோசிப்பார், இதற்கு உடனே விரல் போகும்.

"சும்மாதான் இருக்கா" என்பார்.

நான்கு செஷன் இப்படியே போனது. மூளையில் பயத்தைப் படிக்கிற இடத்தில் அடி பலமாகப் பட்டிருக்கலாம் என்று மேடம் முடிவுக்கு வந்தார். "வீட்டுப்பாடத்த பத்து தடவையா ஆக்கிடலாம்" என்றார்.

மலர் அடுப்படி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். செஷன் முடிவதற்குள் நான் தண்ணீர் கேட்டு எழுந்து போனேன். என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம கௌம்பறேன்க்கா. இவரு மேல தப்பில்ல. ஆனா பத்து தடவன்னா என்னால முடியாது. அலாரம் அடிக்காதப்பகூட முதுகுல ஆள் நிக்கற மாதிரியே இருக்குது. முன்னாடி இவரு ஒண்ணும் கேக்காம இருந்தாரே, அதுகூட தேவல."

தாழ்வாரத்துக்குத் திரும்பினேன். மேடம் அலாரத்தை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வம் போனை என்னிடம் நீட்டினார். மேடம் சின்னப் பெண், ஆனால் நிறையப் படித்தவர். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"மேடம், அவரு தப்பா சொல்லல" என்றேன். "அந்தப் படத்துல மலர் நடிக்கல. சார் பின்னால வந்து நின்னாரு, அப்ப வந்த முகம் அது. நான் பாத்தேன். பாத்துட்டு சொல்லாம விட்டுட்டேன்."

மேடம் அசையாமல் இருந்தார். மறுபடி நெட் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். திரை உறைந்தால் சிரிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, செல்வம் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு மேடத்தின் கண் இமைத்தது.

"சார், இந்த மாதிரி முகத்த நீங்க எப்பல்லாம் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"தெனமும்தான்" என்றார் செல்வம். "நான் போனா இப்டிதான் இருப்பா. நான் போறதுக்கு முன்னாடி எப்டி இருப்பான்னு எனக்கு எப்டி தெரியும்?"

வெயிலில் மலை வெளுத்துக் கிடந்தது.

மேடம் மலரைக் கூப்பிட்டார். இரண்டு மாதத்தில் அவர் மலரோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுப்பாடம் உங்களை வைத்து நடக்கிறது, உங்களைக் கேட்காமல் கொடுத்தது எங்கள் தப்பு என்றார். அலாரங்களை எல்லாம் அழிக்கச் சொன்னார். இனிமேல் செல்வம் எந்த அறைக்குள் போவதானாலும் கதவு நிலையை இரண்டு தடவை தட்ட வேண்டும். மலர், "வாங்க" என்று சொன்னால்தான் உள்ளே போக வேண்டும். எதுவும் கேட்கத் தேவையில்லை.

மலர் யோசித்துவிட்டு, "ரெண்டு வாரம் பாக்கறேன்" என்றாள்.

6. புதுப் படம்

அடுத்த முறை போனபோது மலர் ஒன்று சொன்னாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். கடைப்பக்கம் நடந்துவிட்டுத் திரும்பிய செல்வம் பூட்டு தொங்குகிற கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு தட்டு. ஒரு மணி நேரமாகத் தட்டுகிற சத்தம் கேட்டது என்றார்களாம் பக்கத்து வீட்டுக்காரர்கள். "பூட்டியிருக்குது தெரியல?" என்று இவள் கேட்டதற்கு, "நீ வாங்கன்னு சொல்லலியே" என்றாராம்.

சொல்லும்போது வாயில் கையை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. ஊருக்கெல்லாம் முகப்படம் காட்டிக் கேள்வி கேட்பவள் நான்.

அந்தப் பழைய படத்தை எடுத்துவிட்டு வேறு படம் போடச் சொல்லியிருந்தார் மேடம். மலர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் டேப்லெட்டோடு காத்திருந்தேன். நிலையில் இரண்டு தட்டு விழுந்தது. மலரின் கை நின்றது. திரும்பாமலே, "வாங்க" என்றாள். பிறகு திரும்பினாள். அந்த முகத்தை எடுத்தேன்.

தாழ்வாரத்தில் செல்வத்திடம் படத்தைக் காட்டினேன். என் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன். அவர் விரல் சாதாரணத்தின் மேல் போனது, நின்றது, சந்தோஷத்தின் பக்கம் போனது, பயத்தின் மேல் நின்றது. எதையும் அழுத்தவில்லை.

"தெரியல" என்றார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்தார். அடுப்படி நிலையைத் தட்டினார்.

"வாங்க."

டேப்லெட்டை அவளுக்கு முன்னால் நீட்டினார். "மலரு, இது இன்னா? நீ சொல்லு."

அவள் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனக்கும் தெரியலங்க" என்றாள்.

ஆப்பில், 'தெரியல' என்று ஒரு பட்டன் கிடையாது. நேரம் முடிந்ததும் அது தப்பு என்று சிவப்பில் காட்டியது. அன்றைக்கு ஸ்கோர் ஒன்று குறைந்தது. நான் ஃபாரத்தைத் திருப்பி, பின்பக்கம் காலியாக இருந்த இடத்தில், "அவர் கேட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் பார்த்ததை ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். முகத்தில் எதுவும் காட்டக் கூடாது என்பது நோயாளிக்கு முன்னால் மட்டும்தான். அந்தப் பழக்கத்தை மேடத்திடமும் காட்டினேன், அதனால் ஒரு பெண் அந்த வீட்டில் இரண்டு மாதம் பயந்துகொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கு மலர் வீட்டிலிருந்து கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் பார்த்தேன். பச்சைப் பை ஆணியிலேயே இருந்தது. அதிலிருந்த புடவைகளில் ஒன்று துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மற்ற மூன்றும் பைக்குள்ளேயே இருந்தன.