மீன்கடை நேசன் ஏற்றிவிட்ட சூடு

நேசன் போய்விட்டார் என்று அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னபோது, என் கை சுவரோரக் குழாயின் மேல் இருந்தது. குழாய் சுட்டது. வீடு வீடாகச் சூட்டை ஏற்றிவிட்ட மனிதர் எப்படிக் குளிர்ந்துபோவார் என்று கொஞ்சநேரம் எனக்கு விளங்கவேயில்லை.

ரூ காய் தெருவில் எங்கள் கட்டடத்தின் கீழே அவருடைய மீன்கடை. உங்களில் பலர் அங்கே விளைமீன் வாங்கியிருப்பீர்கள். மீனை உறையவைக்கும் பெட்டிகள் பின்முற்றத்தில் இரவுபகலாக வெக்கையைக் கக்கும். வீடுகளைச் சூடாக்கும் கட்டடத்தின் பழைய கொதிகலன் பழுதான வருடம், நேசன் படிக்கட்டில் எல்லோரையும் கூட்டினார். "வெக்கை வீணாய்ப் போகுது, சனம் மேலை நடுங்குது. உதென்ன விசர்வேலை?" அந்தச் சூட்டில் தண்ணீரைக் காயவைத்து எல்லா மாடிக்கும் அனுப்பலாம் என்றார். எல்லோரும் ஓம் என்றோம். யோசிக்காமல் நானும் தலையாட்டினேன்.

குழாய் என் மூன்றாம் மாடி வீட்டுக்குள்ளால்தான் மேலே போகவேண்டும். வேலையாட்கள் கதவைத் தட்டியபோது கந்தசஷ்டி தொடங்கியிருந்தது. மீன்பெட்டிச் சூடு என் சாமியறைக்குள் வருவதா? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"அக்கா, மீன் கீழைதான் கிடக்குது. மேலை வாறது வெறும் சுடுதண்ணி," என்றார் கூடவே வந்த நேசன்.

"மணக்கும், தம்பி."

சிரித்தார். "சரி, விரதம் முடியட்டும். ஆறு நாள்தானே." அக்காவை ஒருத்தரும் நெருக்கக்கூடாது என்று மற்றவர்களிடமும் சொல்லிவிட்டார். எனக்காக முழுக் கட்டடமும் குளிரில் காத்திருந்தது.

நாலாம் நாள், பசிமயக்கத்தில் கண்மூடிக் கிடந்தேன். ஜன்னல் கண்ணாடியில் வெண்பனி. தூரத்து ரயில்கள் கனவுக்குள் ஓடுவதுபோல் இருந்தது. மேல்வீட்டுக் கைக்குழந்தை இருமியது. திரும்பவும் இருமியது. படத்தில் வேலோடு நிற்கிறவரும் பிள்ளைதானே என்று பட்டது. வெட்கத்தில் குன்றிப்போனேன். எழுந்து நேரே மீன்கடைக்குள் போய் நின்றேன்.

நேசன் கத்தியைப் போட்டுவிட்டார். "ஐயோ அக்கா! விரதத்தோடை இஞ்சை ஏன் வந்தனீங்கள்?"

"மேலை பிள்ளை இருமுது. வந்து சுவரைத் துளையுங்கோ."

"தோய்ஞ்சுபோட்டு வாறன்," என்றார். ஈரத்தலையும் திருநீறுமாக வேலையாட்களோடு வந்தார். பின்னேரம் குழாய்க்குள் தண்ணீர் ஏறியது, புட்டுப்பானை கொதிக்கத் தொடங்கும் சத்தத்தோடு. "மணக்குதோ அக்கா?" என்று கேட்டார். அவர் பூசிக் குளித்த சவர்க்காரம்தான் மணந்தது.

கடை இப்போது பூட்டியிருக்கிறது. "பெட்டியளை மட்டும் நிப்பாட்டாதேங்கோ, மேலை பிள்ளை இருக்கு," என்று ஆஸ்பத்திரியில் மனைவியிடம் சொன்னாராம். விடியலில் விளக்கு வைக்கும் முன் குழாயைத் தொடுகிறேன். தலைக்கு மேலே அந்தப் பிள்ளை ஓடித்திரிகிறாள், இந்த மாரிக்குளிரிலும் வெறுங்காலோடு. நேசனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காலடிச் சத்தத்தைத்தான்.