லாரிக்கு நிலை வைத்த கதை

போன வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் ஓர் அதிசயம் நடந்தது. என் லாரியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர், பின்பக்கமாக ஏறுவதற்கு முன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்!

பாவம், அவர் மேல் தப்பில்லை. எதிரே தேக்கு நிலைவாசல். மேலே கஜலட்சுமி. ரெண்டு பக்கமும் கிளி. நம் ஊரில் எந்தக் கால்தான் ஷூவோடு அதைத் தாண்டும்?

லாரிக்கு ஏது நிலைவாசல் என்கிறீர்களா... அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்குக் கல்லூரியில் கணக்கு வாத்தியார் உத்தியோகம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நேமத்தான்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஒரு தோப்புக்குள், எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய மூக்கு லாரியைப் பார்த்தேன். சக்கரமெல்லாம் மண்ணுக்குள். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் மனசு போய்விட்டது. கல்யாணச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

கிரேன் வைத்துத் தூக்கி வந்து வீட்டுக் கொல்லையில் நிறுத்தினேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் லாரிதான். குவைத்தில் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஜலால் பாய் எஞ்சினைப் பார்த்துக்கொண்டார். துரு தேய்ப்பது, கிரீஸ் பூசுவது, பாய் திட்டினால் வாங்கிக்கொள்வது — இதெல்லாம் என் இலாகா.

என் மனைவி செல்விக்குக் கடுப்பு என்றால் அப்படியொரு கடுப்பு. கொல்லையில் வத்தல் போட இடமில்லை, துணி காயப்போட இடமில்லை. "ஊருல அவனவன் ஞாயித்துக்கிழமை கறி எடுத்துட்டு வாரான். ஒங்க மேல டீசல் நாத்தம்ல அடிக்குது!" என்பாள்.

கடைசியில் கெடு வைத்துவிட்டாள். எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று சர்டிபிகேட் தருகிறார்களே, அதற்கு நான் தேதி வாங்கியிருந்தேன். அன்றைக்குப் பாஸானால் லாரி ஓடலாம். இல்லையென்றால் மறுநாளே காயலாங்கடை. "சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். வேறு வழி?

எஞ்சின் தயார். பெயிண்ட் தயார். பின்னால் பலகை அடைத்துக் கதவு போடுவது மட்டும்தான் பாக்கி. லாரி பாடி கட்டுகிறவர்கள் யாரும் இந்தக் கிழட்டு வண்டிக்கு நாள் கொடுக்கவில்லை. அப்போதுதான் மாணிக்கம் ஞாபகத்துக்கு வந்தான். என் பள்ளிக்கூடத்துச் சினேகிதன். தச்சு வேலை. கொத்தமங்கலம் பக்கம் பெரிய பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறார்களே, அங்கெல்லாம் கதவு வேலை அவனுடையதுதான். போனை எடுக்கக்கூட நேரமில்லாத ஆள். எனக்காக ஒப்புக்கொண்டான்.

"உன் இஷ்டம்போல செய்டா" என்று சொல்லிவிட்டேன். காரைக்குடியில் பிறந்தவன், கதவு செய்கிறவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

எஃப்.சி.க்கு நாலு நாள் இருக்கும்போது மினி வேனில் வந்து இறங்கியது பாருங்கள்... கஜலட்சுமியும் கிளியுமாக முழு நிலைவாசல்! கூடவே மாணிக்கம்.

"என்னடா இது?"

"கதவு."

"லாரிக் கதவுன்னா கொக்கியை எடுத்தா கீழ விழணும்டா!"

"கதவுன்னா தொறக்கணும் மாப்ள. விழக் கூடாது. விழுற கதவு செஞ்சேன்னு வெளிய தெரிஞ்சா, ஒரு பய என்னை வேலைக்குக் கூப்பிடுவானா?"

நாலு நாளில் வேறு கதவுக்கு எங்கே போவேன்? சரி, மாட்டு என்றேன். மாட்டினானா? நிலை வைப்பதென்றால் நல்ல நேரம் பார்க்க வேண்டுமாம். மாவிலை, நவதானியம், பால்... "தங்கச்சி, நேரம் போகுது. மஞ்ச குங்குமத்தை எடுத்துக்கிட்டு வாம்மா" என்று வீட்டுக்குள் குரல் வேறு கொடுத்தான்.

அதுவரை லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள், நல்ல நேரம் போகிறதென்றதும் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டேதான் பொட்டு வைத்தாள். முணுமுணுத்துக்கொண்டேதான் பால் ஊற்றினாள். வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஜலால் பாய், "யம்மா, பிரேக் டியூப் மேல ஊத்திறாதீக!" என்று அலறினார்.

எங்கள் ஊர்க் கதவுகள் லாரி ஏறித்தான் வெளியூர் போகும். கதவுக்குப் பின்னால் ஒரு லாரி நின்றது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வியாழக்கிழமை பாய்தான் ஓட்டினார். பிரேக் ஓகே. ஹாரன் ஓகே. புகை ஓகே. பாயின் நெஞ்சு விரிந்துகொண்டே போனது. நானோ மனசுக்குள் லாரியை ஓட்டிக்கொண்டு குன்றக்குடி முருகன் கோயிலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறிய இன்ஸ்பெக்டர், பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து வாசல் வழியே இறங்கினார்.

"டெயில் லைட் எங்க சார்?"

நிலைக்கால் ரெண்டிலும் விளக்கு மாடம் குடைந்து, சிவப்பு லைட்டை அதற்குள் வைத்திருந்தான் மாணிக்கம். நேர் பின்னால் நின்றால் தெரியும். ஓர் எட்டு தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது.

"லாரின்னா எஃப்.சி. குடுப்பேன். வீடுன்னா நகராட்சியில போயி வரி போடச் சொல்லுங்க. இது ரெண்டுங்கெட்டானால்ல இருக்கு, நான் என்னத்தப் பண்ண?" என்றவர், ஷூவை மாட்டிக்கொண்டே, "வாசலைக் கழட்டிட்டுக் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

வீட்டில் வந்து கெஞ்சினேன். இன்னும் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம்... "சத்தியம் பண்ணீகளா இல்லையா?" என்று காயலாங்கடைக்குப் போன் போட்டுவிட்டாள் செல்வி.

வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள், கேஸ் கட்டரோடு. நான் கொல்லைப் பக்கமே போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐம்பத்திரண்டு வயசில்!

திடீரென்று கொல்லையில் செல்வியின் சத்தம். "அண்ணே! என்ன செய்யுறீக? வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமி மூஞ்சிக்கிட்ட நெருப்பைக் கொண்டு போறீக!"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

"நீங்கதானம்மா எடுக்கச் சொன்னீக?" என்றார் கடைக்காரர்.

"லாரியைத்தான எடுக்கச் சொன்னேன்? வாசலையா எடுக்கச் சொன்னேன்?"

"லாரியை எடுத்துட்டு வாசலை எங்குட்டும்மா நிறுத்துறது? ஆகாசத்துலயா?"

"நான் பால் ஊத்தி வச்ச நெலைண்ணே. அதுல கை வச்சா குடும்பத்துக்கு ஆகுமா? காப்பி தாரேன், குடிச்சிட்டுக் கெளம்புங்க."

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... செல்வியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாக்கில் சனி! "அப்ப வாசலை மட்டும் பதமா கழட்டி உள்ள வச்சுட்டா எஃப்.சி. குடுத்துருவாக செல்வி..." என்றேன்.

"வச்ச நெலையைப் பேத்து எடுக்கணும்ங்கிறீகளா?" என்று ஒரு முறை முறைத்தாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த கடைக்காரரே ஓர் அடி பின்வாங்கினார்.

ஆக, லாரி காயலாங்கடைக்கும் போகவில்லை. ரோட்டுக்கும் போகப்போவதில்லை. கொல்லையில் நின்றபடியே ஸ்டார்ட் ஆகி, உறுமி, அடங்குகிறது. பின்னால் கோலம். மாடங்களில் சிவப்பு லைட் போய் அகல் விளக்கு வந்தாயிற்று. டீசல் டேங்கை நினைத்து ஜலால் பாய்க்குத் தூக்கமே இல்லையாம்.

ரெண்டு வருஷம் நான் கெஞ்சி நடக்காதது ஒரு சொம்புப் பாலில் நடந்திருக்கிறது. நம் வீடுகளில் ஒரு பொருளைக் காப்பாற்ற வேண்டுமா? வாதாடாதீர்கள். அதற்கு ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். ஆனால் ஒன்று, அப்புறம் அது உங்கள் பொருள் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கிரீஸ் டப்பாவோடு லாரிப் பக்கம் போனேன். ஒரு காலைத் தூக்கி வைத்திருப்பேன், அடுப்படியிலிருந்து குரல் வந்தது:

"குளிச்சிட்டு ஏறுங்க!"