உயிர் பதினாலு

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். யாரும் போய்ச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் கல்யாணத்துக்குச் சொன்னார்கள். இரண்டாம் ஓலை வாசித்த மறுநாளே மாப்பிள்ளையின் அத்தை சின்னாளப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிறு மதியம் என்னோடு வேலை பார்க்கும் மூன்று டீச்சர்களும் நானும் ஒரு வீட்டு மாடியில் கூடுவோம். ஒருத்தி கதை சொல்வாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம். ஆற்றைத் தாண்டினோமா, அரக்கனிடம் சிக்கினோமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். வேடத்தின் பலமும் பலவீனமும் ஒரு தாளில் இருக்கும். அடிபட்டால் 'உயிர்' என்ற இடத்தில் இருக்கும் எண்ணை ரப்பரால் அழித்துக் குறைத்து எழுதவேண்டும். நான் மூன்று வருடமாகச் சூனியக்காரி.

இது வீட்டில் யாருக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் பொழுதுபோக்கு என்ன என்று என் மாமா கேட்டார். "செல்லுல துப்பாக்கி சுடுற கேமுதான். ஒக்காந்தா சோறு தண்ணி வேணாம் அவனுக்கு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். வேடசந்தூர் மில்லில் சூப்பர்வைசர், முப்பது வயது, ஆனாலும் சிரித்தார்கள். என்னைக் கேட்டபோது பாட்டுக் கேட்பேன் என்று புளுகினேன். கழுதை வயசாகியும் தாளை வைத்துக்கொண்டு குரல் மாற்றிப் பேசி விளையாடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

முதல் ஓலை வாசித்த வாரம் அந்த அத்தை அளவு ரவிக்கை வாங்க வீட்டுக்கு வந்தார். நான் பள்ளியில் இருந்தேன். அம்மா அவசரத்தில் மேசைமேல் கிடந்த ஒரு தாளில் ரவிக்கையைச் சுற்றிக் கொடுத்துவிட்டார். அது என் தாள். அத்தை ஊருக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே, 'சூனியக்காரி. வயது முந்நூறு. பலம்: சாபம். உயிர்: பதினாலு.'

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் பங்கு அலுவலகத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தோம். தாள் நடுவில் கிடந்தது.

"ரவிக்கையைச் சூனியத்துல சுத்தி அனுப்பிருக்காங்க சாமி. பதினாலு நாள்ல எங்க வீட்ல யாரு உயிரு போகப்போகுதோ!" என்றார் அத்தை.

"இது வெறும் விளையாட்டு சாமி" என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன்.

"விளையாட்டுன்னா செல்லுல விளையாட வேண்டியதுதான? ஊரு உலகமே அப்படித்தான விளையாடுது?" அத்தை விடவில்லை.

சாமியாருக்கு விளங்கிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும், "அவங்க மனசு ஆறட்டும்மா. இதைக் கிழிச்சுப் போட்டுடு. மூணாம் ஓலையை வாசிச்சிடுறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கிழிக்கிறேன் சாமி. அவரும் அந்தக் கேமை அழிக்கட்டும்" என்றேன்.

"அய்யோ பாவம், அம்புட்டு நாளா ஆடிச் சேத்து வச்சிருக்கான்!" என்று பதறினார் மாமியாராகப் போகிறவர்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும் எனக்கு. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண் கலங்கி என் கையை அழுத்தினார். தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மூன்றாம் ஓலை வாசித்தபோது தடை சொல்ல ஒருவரும் போகவில்லை. நானும்தான்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு காலையில் அவர் பர்சிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நாலு துண்டும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. எல்லாரும் வெளியே போனபின் கூடையிலிருந்து எடுத்தாராம்.

எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆத்திரமும் வந்தது. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"அத்தைக்குப் பயந்துட்டேன்" என்றார்.

நான் பென்சிலும் ரப்பரும் எடுத்து வந்து உட்கார்ந்தேன். பதினாலை அழித்தேன். ஒன்பது என்று எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "அஞ்சு எங்க போச்சு?"

"அன்னைக்கு நீங்க தரையைப் பாத்தீங்கல்ல, அப்பப் போச்சு" என்றேன்.